திட்டு வாங்க ஒரு ஆள்

பாய்லர்காரருக்கு யாரையும் பிடிக்காது என்று லாண்டரியில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். பிடிக்காமல் போவது வேறு, நம்பாமல் இருப்பது வேறு. ஸ்டீம் அளவைக் காட்டுகிற முள்ளையே அவர் நம்பமாட்டார். கண்ணாடியை நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, முள் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. முள்ளுக்கே அந்தக் கதி என்றால் மனிதர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி அது. ஒரு வாசலில் அழுக்கு வந்து இறங்கும். இன்னொரு வாசலில் வெள்ளை வெளேரென்று வண்டி ஏறும். நடுவில் இருப்பதெல்லாம் சூடும் இரைச்சலும்தான். தேய்க்கிற உருளை மெஷினிடம் நின்றால் பக்கத்தில் இருப்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே பெண்கள் பேசிக்கொள்வது கண்ணாலும் கையாலும்தான். உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள். முனையை ஒரு வெட்டு வெட்டினால் திருப்பு என்று அர்த்தம். இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் பொறு. முகத்தைக்கூடப் பார்க்கத் தேவையில்லை, துணியே சொல்லிவிடும்.

இரைச்சலை மீறி எல்லார் காதிலும் விழுவது ஒன்றே ஒன்று. ஆபத்து என்று பட்டால் பாய்லர்காரர் ஸ்பேனரை எடுத்து ஸ்டீம் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். குழாய் போகிற இடமெல்லாம் சத்தமும் போகும். அடுத்த நொடி அத்தனை பெண்களும் இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, மெஷினைவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றுவிடுவார்கள். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. ஒருத்தியின் விரல்கள் உருளைக்குள் போனபிறகு வந்த வழக்கம் அது. புதிதாகச் சேர்கிறவளுக்குத் துணியைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் பழக்குவார்கள்.

இந்தப் பெண்கள்தான் கால்பந்தும் ஆடினார்கள்.

ஆலை, டெப்போ, மருந்துக் கம்பெனி என்று வேலைக்குப் போகிற பெண்களின் அணிகளுக்கு நடுவே வருஷா வருஷம் போட்டி நடக்கும். மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று இரண்டு. லாண்டரி எப்போதும் கீழ்தான். இந்த வருஷம் மேலே போய்விடலாம் என்று ஆசைப்பட்டதற்குக் காரணம் விசிலம்மா.

விசிலம்மா ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரி. கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. போன வருஷம் கொஞ்ச நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். பெண்களுக்கு அவர்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. இந்த வருஷம் முழுக்க நான்தான் உங்க கோச் என்றார். அப்புறம் அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அதற்கு அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஆட்டங்கள் தொடங்குகிற நேரத்தில், வேறு ஊரில் மேல் பிரிவில் இருக்கிற மின்சாரக் கம்பெனி அணிக்கு அவர் போய்விட்ட செய்தி வந்தது.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதாமா அந்தம்மாவுக்கு?" என்றார் பாய்லர்காரர். "வரமாட்டேன்னு சொல்றவனை நம்பலாம். வர்றேன் வர்றேன்னு சொல்றவங்களைத்தான் நம்பக்கூடாது."

கோச் இல்லாமல் ஆடலாம். ஆனால் பெஞ்சில் பொறுப்பான ஆள் என்று ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும் என்பது போட்டிக்காரர்கள் வைத்த சட்டம். சூப்பர்வைசர் பாய்லர்காரரைக் கை காட்டினார்.

"எனக்குப் பந்து உருண்டைன்னு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது," என்றார் பாய்லர்காரர்.

"அதுதாண்ணே வேணும்," என்றாள் ஏணி. ஏணி அவர்களுடைய கோலி, கோல் வாசலைக் காப்பவள். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர். "தெரிஞ்ச ஆளை உக்கார வச்சா வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டாங்க."

"சும்மா உக்காந்தா போதும் மாமா," என்றாள் மருமகள். "தண்ணி பாட்டிலைப் பாத்துக்குங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மருமகள்தான் அணியின் கேப்டன். ஆள் சின்ன உருவம், இடம் கிடைத்தால் உள்ளே புகுந்துவிடுவாள். லாண்டரியில் குண்டூசி என்று பெயர். உருளை மெஷினில் ஏணிக்கு எதிர்முனையில் விரிப்பைப் பிடிப்பவளும் அவள்தான். வீட்டில் மூன்று பேர்: அவர், அவள், இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிற பேத்தி. மகன் தூரத்து ஊரில் பாலம் கட்டுகிற வேலையில் இருந்தான். வருவான், படுத்துத் தூங்குவான், போவான்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைகளில் மடியில் பேத்தியும் காலடியில் தண்ணீர் பாட்டிலுமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார் பாய்லர்காரர். சட்டைப்பையில் வழக்கம்போல ஸ்பேனர். அது இல்லாவிட்டால் அவருக்குச் சட்டையே போடாத மாதிரி இருக்கும்.

முதல் ஆட்டத்தில் செம்ம அடி. அடுத்ததிலும் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்திலிருந்து என்னவோ ஆனது. ஜெயித்தார்கள். மறுபடியும் ஜெயித்தார்கள். ஜெயித்துக்கொண்டே போனார்கள்.

இது எப்படி என்று கேன்டீனில் ஒரு நாள் பெரிய வாக்குவாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் டீ.

"விசிலம்மா வராததுதான் நமக்கு நல்லதாப் போச்சு," என்று ஆரம்பித்தாள் ஏணி. "போன வருசம் நாம எப்படி ஆடினோம்? பந்து காலுக்கு வந்ததும் கோட்டு ஓரத்தைப் பாப்போம். அவங்க கை எங்க காட்டுதுன்னு. அதுக்குள்ள ஒருத்தி வந்து பிடுங்கிட்டுப் போயிடுவா. இப்ப ஓரத்தைப் பாத்தா யாரு இருக்கா? அண்ணன் குழந்தைக்கு மூக்கு துடைச்சுக்கிட்டு இருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். பாய்லர்காரரும் சிரிப்பு மாதிரி ஒன்றைச் செய்தார்.

"அதனால ஒருத்தரை ஒருத்தர் பாக்கறோம். மெஷின்ல நிக்கிற மாதிரி. எனக்கு இவ தோள் திரும்பறதைப் பாத்தாலே போதும், பந்தை எங்க போடணும்னு தெரியும்."

"அப்போ போன வருசம் அவங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் எங்க போச்சு?" என்றாள் மருமகள். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஓடற ஓட்டம் யாரு குடுத்தது? அவங்க போட்ட அஸ்திவாரத்துல நின்னுக்கிட்டு அவங்க வராதது நல்லதுன்னு சொல்றே."

"போட்டவங்க போட்டாங்க. போட்டுட்டு மேலேயே நின்னுக்கிட்டிருந்தா நாம எங்க வீடு கட்டறது?"

"அவங்க இருந்திருந்தா முதல் ரெண்டு ஆட்டம் தோத்திருக்க மாட்டோம்."

"தோத்ததாலதான்டி புத்தி வந்துச்சு."

"நீங்க என்ன சொல்றீங்கண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் எப்படிச் சொல்றது? வரலையே," என்றார் பாய்லர்காரர். "நடக்காததுக்கு யாரு சாட்சி? டீயைக் குடிங்க, ஆறுது."

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மேல் பிரிவு. சமன் செய்தால் போதாது. அப்படி ஒரு நிலையில் வந்து நின்றது.

அந்த வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது மருமகள் பேச்சை எடுத்தாள். சோறும் பருப்பும் அவித்த முட்டையும். பேத்தி மஞ்சள் கருவை மட்டும் தோண்டி எடுத்துத் தாத்தாவின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தது.

"விசிலம்மா போன்ல பேசினாங்க மாமா."

"இன்னும் எங்கயாவது வர்றேன்னு சொன்னாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. கடைசி ஆட்டம் பாக்க வர்றாங்க. நான் நல்லா ஆடினா அவங்க டீமுக்கு எடுத்துக்கறாங்களாம். மின்சாரக் கம்பெனியிலயே வேலை. வீடு குடுப்பாங்க."

அவர் முட்டையை இரண்டாகக் கிள்ளினார்.

"அங்கேருந்து அவருக்கு வேலை இடம் கிட்ட," என்றாள். அவர் என்று சொன்னது கணவனை. "தினமும் வீட்டுக்கு வரலாம். இதுக்கும் அப்பா முகம் மறக்காது."

"சரி."

"நீங்களும் வந்துடுங்க."

"பாய்லரை யாரு பாப்பா?"

"வேற ஆளே கிடைக்காதா உலகத்துல?"

"கிடைப்பான். நல்லாப் பாப்பானான்னுதான் தெரியாது." கையைக் கழுவ எழுந்துவிட்டார். பாத்திரம் தேய்க்கும்போது அன்றைக்கு அவர் போட்ட சத்தம் கொஞ்சம் அதிகம்.

இரண்டு நாள் கழித்து மருமகள் பாய்லர் அறைக்கு வந்தாள். ஈரமான கட்டுத்துணி ஒன்றைச் சூட்டுக் குழாயில் போட்டுவிட்டு, அது காயும்வரை ஒற்றைக் காலில் நின்றாள்.

"முட்டியில என்ன?"

"சோப்புத் தண்ணியில வழுக்கிடுச்சு. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கட்டு?"

"மாமா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

அவர் முள்ளின் கண்ணாடியைச் சுண்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்ட நாளில் மழை விட்டிருந்தது. மைதானம் ஈரமாக, கனமாகக் கிடந்தது. எதிரே பஸ் டெப்போ அணி. பார்க்க வந்தவர்களில் விசிலம்மாவும் இருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. ஊத வேலை இல்லாத விசில். பெண்கள் அவரை ஒரு தடவை பார்த்தார்கள். அப்புறம் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள்.

கொஞ்ச நேரத்திலேயே மருமகள் ஒரு கோல் போட்டாள். ஏணி பந்தைக் கையில் எடுத்து வீச, அது யார் யார் காலிலோ பட்டு வர, இவள் இரண்டு பேருக்கு நடுவே ஊசி நுழைகிற மாதிரி நுழைந்து அடித்தாள். பெஞ்சில் இருந்த பேத்தி கைதட்டியது. அடித்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது அவள் வலது காலைத் தரையில் வைத்த விதம் பாய்லர்காரருக்குப் பிடிக்கவில்லை.

ஹாஃப் டைமில் ஏணி தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவளை எடுத்துடுங்க."

"எடுக்கறதுன்னா?"

"வெளிய உக்கார வைக்கணும். முட்டி போயிடுச்சு. ஓடவே முடியல. கோல் போட்டதோட சரி. பதிலுக்கு சோப்பு கலக்குற அந்தப் பொண்ணை இறக்குங்க."

"நீயே சொல்லு. உனக்கென்ன வாய் இல்லையா?"

"நான் எப்படிண்ணே சொல்லுவேன்? நாளைக்கு அவகூட ஒரே விரிப்புல நான் ஒரு முனை, அவ ஒரு முனை பிடிக்கணும். வருசம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பா. எங்கள்ல யாரு சொன்னாலும் அதே கதிதான்."

"கோச்சு வராததே நல்லதுன்னு கேன்டீன்ல அந்தப் போடு போட்டியே."

"ஆடறதுக்கு வேணாம்ணே. இதுக்கு வேணும். திட்டு வாங்க ஒரு ஆள் வேணும்."

அவள் போய்விட்டாள். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

பாய்லர்காரர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் சரி. அவளை இப்போது வெளியே கூப்பிட்டால் விசிலம்மா பார்ப்பார். பார்த்துவிட்டு எடுக்காமல் போவார். அவள் இங்கேயே இருப்பாள், குழந்தையும் இருக்கும். கிழவன் வேண்டுமென்றே செய்தான் என்று மருமகள் நினைப்பாள். அவள் நினைப்பதில் தப்பு இருக்கிறதா? முட்டிக்காகவா கூப்பிடுகிறாய், இல்லை உன் தட்டில் முட்டைக் கரு வைக்க ஆள் இருக்காது என்பதற்காகவா? தனக்குத்தானே கேட்டுப் பார்த்தார். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷனுக்குக் கடைசியில் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சுண்டிப் பார்க்க அங்கே கண்ணாடியும் இல்லை, முள்ளும் இல்லை.

அப்போது மருமகள் விழுந்தாள். யாரும் தள்ளவில்லை, கால்தான் மடங்கியது. எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்க்கிறபோது அவருக்கு உருளையை நோக்கிப் போகிற விரல்களைப் பார்ப்பது போல இருந்தது.

குழந்தையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து கத்தினார். "ஏம்மா, வெளிய வா!" கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினார். அவள் திரும்பவில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பெஞ்சுக்குப் பக்கத்தில் வேலியின் இரும்புத் தூண் நின்றது.

டங். டங். டங்.

லாண்டரிப் பெண்கள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். இரண்டு கையும் நெஞ்சு உயரத்தில். ஓரடி பின்னால். ஓடிக்கொண்டிருந்தவள் ஓட்டத்திலேயே நின்றாள். பந்து காலில் இருந்தவள் பந்தை விட்டுவிட்டு விலகினாள். டெப்போக்காரி ஒருத்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பந்து சும்மா கிடக்கிறதே, எடுத்துக்கொண்டு போய் மெதுவாக ஒரு உதை உதைத்தாள். ஏணி, ஊரிலேயே உயரமான கோலி, இரண்டு கையையும் தூக்கியபடி நிற்க, பந்து அவள் காலடியை ஒட்டி உருண்டு வலைக்குள் போனது.

அப்புறம் சிரிப்பு வெடித்தது. டெப்போக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ரெஃப்ரி கோல் என்று கையைக் காட்டினார்.

மருமகள் நொண்டிக்கொண்டே வந்தாள். கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் எறிந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். சோப்புப் பெண் உள்ளே ஓடினாள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து ஆடினார்கள், உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனாலும் இன்னொரு கோல் விழவில்லை. ஆட்டம் சமன். மேல் பிரிவும் போனது.

அப்புறம் விழுந்த திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. சூப்பர்வைசர் திட்டினார். ஏணி திட்டினாள். வாயே திறக்காத சோப்புப் பெண்கூடத் திட்டினாள். அவர் ஸ்பேனரைக் கையில் வைத்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒன்று கவனித்தார். யாரும் மருமகளைத் திட்டவில்லை. கையைத் தூக்கி நின்றதற்காக ஒருத்தி இன்னொருத்தியைத் திட்டவில்லை. எல்லாமே அவர் தலையில்தான் இறங்கியது.

கூட்டம் கலைந்தபிறகு விசிலம்மா வந்தார்.

"ஐயா, நான் வராததுல உங்களுக்கெல்லாம் கோபம்னு கேள்விப்பட்டேன்."

"ஆட்டத்துக்கு நீங்க வராதது நல்லதுதான்னு சொல்றாங்க. எனக்கு அது தெரியாது," என்றார் பாய்லர்காரர். "ஆனா நீங்க இங்க இருந்திருந்தா அவளை நீங்க வெளிய கூப்பிட்டிருப்பீங்க. என் மருமக என்கூடப் பேசிக்கிட்டு இருந்திருப்பா. எனக்கு நஷ்டம் அதுதான்."

விசிலம்மா விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார்.

"நான் இருந்திருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன் ஐயா. ஒரு கோல் முன்னால இருக்கோம், கடைசி ஆட்டம். முட்டிக் கட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓடுன்னுதான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அந்த வார்த்தையைச் சட்டைப்பையில் ஸ்பேனரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல கனம். சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மருமகள் ஊருக்குப் போகாமல் நின்றுவிடுவாள். நீ நம்புகிற அம்மா உன் முட்டி உடைந்தாலும் ஓடவிட்டிருப்பாள், அவளே சொன்னாள் என்று சொன்னால் போதும்.

மருமகள் முட்டியில் சுடுதுணி போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் துணியைப் பிழிந்து கொடுத்தார். இரண்டு தடவை வாங்கினாள். மூன்றாவது தடவை துணியின் ஒரு முனையைப் பிடித்தவள் இழுக்காமல் இறுக்கிப் பிடித்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லுங்க. முட்டிக்காகத் தட்டினீங்களா, நான் போகக்கூடாதுன்னு தட்டினீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எது எவ்வளவுன்னு கேக்காதே. கேட்டுப் பாத்துட்டேன், எனக்கே தெரியல. முட்டிக்காகத்தான்னு சொல்லிடலாம். நல்லாத்தான் இருக்கும். ஆனா முழுசா அது இல்லை."

சுடுதுணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்புறம் மற்றதையும் சொல்லிவிட்டார். மறைத்து வைத்தால் அதுவும் ஒரு ஏமாற்றுதான் என்று தோன்றியது.

"உங்க விசிலம்மாகிட்ட பேசினேன். அவங்களா இருந்தா உன்னை எடுத்திருக்க மாட்டாங்களாம். ஓடவிட்டிருப்பாங்களாம்."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க."

"எப்போ?"

"நீங்க திட்டு வாங்கிக்கிட்டு இருந்தப்போ. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து சொன்னாங்க. முட்டி சரியாகட்டும், அப்புறம் வா, இடம் இருக்குன்னும் சொன்னாங்க."

"ஓடவிட்டிருப்பேன்னு சொல்ற பொம்பளையை நம்பியா போறே?"

"மூஞ்சிக்கு நேரா சொல்றவங்ககிட்ட என்ன பயம் மாமா? எனக்கு வலிச்சா நான் உக்காந்துக்கறேன். அது என் முட்டி. இத்தனை வருசம் உங்களோட எப்படிக் குப்பை கொட்டினேன்னு நினைக்கறீங்க?" துணியை ஒரு வெட்டு வெட்டினாள். அவர் விட்டுவிட்டார்.

முட்டி ஆறுகிறவரைக்கும் இருந்தாள். மகன் வந்து சாமான்களை முன்னாலேயே கொண்டுபோனான். ஏணி விரிப்பின் எதிர்முனையில் சோப்புப் பெண்ணை நிறுத்திப் பழக்கிக்கொண்டிருந்தாள். துணி கோணல்மாணலாக மடிந்தது. அடுத்த வருஷத்துக்கு யாரைக் கோச்சாகக் கூப்பிடலாம் என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "ஆளு அண்ணனே இருக்காரு, திட்டி முடிக்கவே ஒரு வருசம் ஆகும்," என்றாள் ஏணி. "ஸ்பேனரை மட்டும் வாசல்லயே வாங்கி வச்சுடணும்."

புறப்படுகிற அன்று பாய்லர்காரர் பஸ் நிலையத்துக்கு வந்தார். மருமகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். மடியில் பேத்தி. கூட்டம், ஹாரன் சத்தம், டிரைவர்களின் கூச்சல். அவள் எதையோ சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. அவர் எதையோ சொன்னார், அவளுக்கும் கேட்டிருக்காது. பஸ் உறுமியது. அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்குகிற இரும்புத் தூண் இருந்தது. கை சட்டைப்பைக்குப் போய் ஸ்பேனரைத் தொட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது.

மருமகள் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். தூணையும் பார்த்தாள். பஸ் நகர ஆரம்பித்தபோது ஜன்னலுக்குள் இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். முகம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் இருந்தது. அம்மாவைப் பார்த்து மடியில் இருந்த சின்னதும் தன் கைகளைத் தூக்கியது.

அவர் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார். வெறும் கை. அதையும் மற்றதையும் சேர்த்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, தூணைவிட்டு ஓரடி பின்னால் போய் நின்றார்.